வேலூர் முதல் மங்களூர் வரை: அப்பாவின் ஹெர்குலிஸா, தம்பியின் கியர் வண்டியா, புதியதா?

பொங்கல் முடிந்த மறுவாரம் வேலூரில் இருந்து மங்களூருக்குச் சைக்கிளில் போவது என்று முடிவாகி ஆறு மாதம் ஆகிறது. எந்தச் சைக்கிளில் போவது என்பதுதான் சென்ற வாரம் வரை முடிவாகவில்லை. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இரண்டு பழைய வண்டிகள் நிற்கின்றன. ஒன்று அப்பாவின் 28 அங்குல ஹெர்குலிஸ். மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதப் போன காலம் முழுவதும் அவர் மிதித்தது. மற்றது தம்பி கல்லூரிக்குப் போக வாங்கிய 26 அங்குல, 18 கியர் வண்டி. மூன்றாவது, கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் புதிய ஹைபிரிட். மூன்றையும் ஓட்டிப் பார்த்து, இரண்டைக் கழற்றிப் பார்த்து, பணத்தையும் கொஞ்சம் செலவழித்து எடுத்த முடிவு இது. பழைய சைக்கிளைத் தூசு தட்டி நெடுந்தூரம் போக நினைக்கிற எவருக்கும் பாதியாவது உதவும்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வண்டியைத் தீர்மானிப்பது வழிதான். 75-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வேலூரில் இருந்து காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு வழியாக ஆந்திரத்தின் வேங்கடகிரிக்கோட்டைக்கு ஏறி, முல்பாகல், கோலார், பெங்களூரு, ஹாசன், சக்லேஷ்பூர் என்று மேற்கே போய், மங்களூருக்குப் பக்கத்தில் பண்ட்வாலில் முடிகிறது. மொத்தம் 550 கிலோமீட்டரை ஒட்டி வரும். வேலூர் கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. பெங்களூரும் சக்லேஷ்பூரும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். பேரணாம்பட்டைத் தாண்டியதும் ஒரு மலைப்பாதை மூச்சு வாங்க வைக்கும். பிறகு பீடபூமி, மேடும் பள்ளமுமாக நாள்கணக்கில் நீளும். கடைசியில் ஷிராடி கணவாய்: அதுவரை ஏறிய உயரத்தில் பெரும்பகுதியைச் சுமார் 25 கிலோமீட்டருக்குள் இறங்கித் தீர்க்க வேண்டும். ஆனி, ஆடியில் போனால் தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும், ஷிராடியில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பதும் உண்டு. அதனால்தான் தை மாதம்.

புதிய ஹைபிரிட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எடை குறைவு, 21 கியர், டிஸ்க் பிரேக். பாலாற்றுப் பாலத்தில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி தானாகவே ஓடுவதுபோல் இருந்தது. 20,000 ரூபாயை ஒட்டி விலை. கேரியரும் மட்கார்டும் தனி. எனக்கு இடித்தது வேறு இடத்தில். அதன் டயர் 700சி அளவு. பெங்களூரிலும் ஹாசனிலும் கிடைக்கும். நடுவில் இருக்கும் சிற்றூர்க் கடையில் கேட்டால் கையை விரிப்பார்கள். அலுமினிய ஃப்ரேமில் விரிசல் விட்டால் ஊர் வெல்டிங் பட்டறையில் ஒட்ட முடியாது. புதிய சக்கரத்தின் கம்பிகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்து உட்காரும். ஒருமுறை முறுக்கிக் கோட்டம் எடுக்காமல் சுமையேற்றிக் கிளம்பவும் கூடாது. வீட்டில் பழைய வண்டி இல்லாதவர்களுக்கும், நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் போயே ஆக வேண்டும் என்பவர்களுக்கும் அதுதான் சரி. நான் நாளுக்கு 65, 70 கிலோமீட்டருக்கு மேல் போக நினைக்கவில்லை.

இனி இரண்டு பழைய வண்டிகள்.

எந்தப் பழைய வண்டிக்கும் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஃப்ரேமைப் பார்க்க வேண்டும். பெயின்ட் அடித்துவிட்டால் விரிசல் மறைந்துவிடும். ஹேண்டில் பார் நுழைகிற குழாயும் சாய்ந்த குழாயும் சேரும் இடம், பெடல் அச்சு இருக்கும் கூட்டின் அடிப்பக்கம், பின்சக்கரம் உட்காரும் பிளவு ஆகிய மூன்றையும் துணியால் துடைத்து வெயிலில் பார்க்கிறோம். பெயின்டில் மயிரிழைபோல் துருக்கோடு ஓடினால் உள்ளே விரிசல் இருக்கலாம். அடுத்தது நூல். நீளமான ஒரு நூலைப் பின் பிளவின் ஒரு பக்கத்தில் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிளவுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால், ஃப்ரேம் நேராக இருக்கிறதா, கோணியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்பாவின் வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே அளவு. அத்தனை வருடம் சுமை இழுத்த வண்டி! தம்பியின் வண்டியில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். அது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான் என்றார் சைதாப்பேட்டையில் கடை வைத்திருக்கும் பாய். (சென்னையின் சைதாப்பேட்டை இல்லை, எங்கள் வேலூரின் சைதாப்பேட்டை.)

வண்டியைக் கழற்றிக் கழுவிப் பூட்டும் ஓவராயிலிங்கை அவர் கடையில் உட்கார்ந்து நானே கற்றுக்கொண்டு செய்தேன். ஹெர்குலிஸின் பின் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்கூட்டை, திறந்தபோது கிரீஸ் தார்போல் இறுகியிருந்தது. டீசலில் ஊறவைத்துக் கழுவிய பிறகு எண்ணிப் பார்த்தோம்: பின்னால் பக்கத்துக்குக் கால் அங்குலப் பால்ரஸ், அதாவது இரும்புக் குண்டு, 9, முன்னால் பக்கத்துக்கு 10 சிறியவை. பின்னால் ஒரு பக்கத்தில் 7 தான் இருந்தன. எப்போதோ எவரோ குறைத்துப் போட்டிருக்கிறார்கள்.

“பால்ரஸ் புதிதாகப் போட்டால் மட்டும் போதாது தம்பி. கோனில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்” என்றார் பாய். ஓட்டினேன். (பால்ரஸ் உருளும் கூம்புதான் கோன்.) வழவழப்பாகப் போன நகம் ஓர் இடத்தில் மெல்லிய பள்ளத்தில் இடறியது. அம்மை வடுபோல் குழி விழுந்த கோனில் எத்தனை புதிய பால்ரஸ் போட்டாலும் சீக்கிரமே அவையும் கெட்டுவிடும். கோன், அதைச் சூழும் கப், பால்ரஸ் மூன்றையும் சேர்த்தே மாற்றினோம். இரண்டு வண்டிக்கும் இந்தச் செலவு ஒன்றுதான். இதில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பயணத்தையே தள்ளிப்போடலாம்.

வண்டிகள் பிரிகிற முதல் இடம் கியர். ஹெர்குலிஸில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5.5 மீட்டர் நகரும். சமதளத்தில் இதைவிடச் சுகமான கணக்கு இல்லை. சுமையோடு மேட்டில் ஏறும்போது முழங்கால் கெஞ்சும். பின்னால் இருக்கும் பல்சக்கரமான ஃப்ரீவீலை 22 பல்லுக்கு மாற்றிச் செயினில் ஒரு ஜோடிக் கண்ணி சேர்த்தால் 4.5 மீட்டராகக் குறையும். குறைந்த செலவில் இதைவிடப் பெரிய நன்மை அந்த வண்டிக்குச் செய்ய முடியாது. தம்பியின் வண்டியில் முன்னால் சிறிய வட்டம் 28 பல், பின்னால் பெரிய வட்டமும் 28. ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான். நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், ஆனால் இறங்காமல் ஏறிவிடலாம். மறுமுனையில் 48-க்கு 14 போட்டால் 7 மீட்டர் ஓடும். இத்தனைக்கும் பேரணாம்பட்டு ஏற்றத்துக்காக மட்டும் கியர் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு மலையேறுவது ஒரு குறையே இல்லை. பால் கேனும் விறகுக் கட்டும் ஏற்றி அப்படித்தான் இந்த மாவட்டத்து மலையடிவார ஊர்களில் எத்தனையோ பேர் தள்ளியிருக்கிறார்கள்.

தள்ளி ஏறலாம். தள்ளி இறங்க 25 கிலோமீட்டர் என்றால் ஒரு நாள் போய்விடும். எனவே என் கணக்கில் எல்லாம் பிரேக்கில் வந்து நின்றது.

ஹெர்குலிஸில் கம்பி பிரேக். பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் இழுத்து, குதிரைலாடம் போன்ற சட்டத்தில் இருக்கும் கட்டைகளை ரிம்மின் உள்பக்கம் மேல்நோக்கி அழுத்தும். ரிம் குரோம் பூசிய இரும்பு. காய்ந்த சாலையில், ரிம் முட்டைவடிவாகக் கோணாமல் வட்டமாக இருந்தால், இது நம்பகமானது. அறுந்துபோக ஒயர் கிடையாது. ஈரம் பட்டால் கதை வேறு. வழுவழுப்பான குரோமுக்கும் ரப்பருக்கும் நடுவில் தண்ணீர் ஏடுபோல் நின்றுவிடும், வண்டி நிற்கும் தூரம் பல மடங்காகும்.

படித்ததையும் கேட்டதையும் வைத்து முடிவு செய்ய மனம் வரவில்லை. அப்பாவின் வண்டியாயிற்றே. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனரின் மினி லாரியில் இரண்டு வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குப் போனோம். பொன்னேரியில் இருந்து ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பயணத்தில் எடுத்துப்போகும் அதே 15 கிலோ இருக்க வேண்டும் என்று கேரியரில் அரிசிப் பையைக் கட்டினேன். முதலில் ஹெர்குலிஸ். மேலிருந்து முதல் மூன்று வளைவுகளில் எந்தக் குறையும் இல்லை. நான்காவதற்கு முன்னால் தூறல் பிடித்தது. வளைவுக்கு நல்ல தூரம் இருக்கும்போதே இரண்டு பிடிகளையும் அழுத்தினேன். கட்டைகள் ரிம்மில் படும் சத்தம் கேட்டது, வேகம் குறையவில்லை. சக்கரம் நாலைந்து சுற்றுச் சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகு திடீரென்று பிடித்தது. அதற்குள் நான் வளைவின் வெளிவிளிம்பில், வலது செருப்பைத் தாரில் தேய்த்துக்கொண்டு நின்றேன். எதிரே பஸ் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மிச்ச வளைவுகளை நடந்து இறங்கினேன்.

இதற்கு மாற்று வழி இல்லையா என்று தேடினேன். மழை நாடான இங்கிலாந்தில் குரோம் ரிம்களுக்காகத் தோல் முகம் வைத்த பிரேக் கட்டைகள் ஒரு காலத்தில் புழக்கத்தில் இருந்தன. ஈரத்தில் ரப்பரைவிடத் தோல் நன்றாகப் பிடிக்கும். தோலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருக்கிறேன் என்று ஒரு துண்டை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். பிடிப்பு கூடியது உண்மை. இரண்டே நாளில் ஒரு ஓரம் தேய்ந்து சாய்ந்துவிட்டதும் உண்மை. அலுமினிய ரிம் போடலாம் என்றால், உள்பக்கம் அழுத்தும் கம்பி பிரேக்குக்கு ஏற்ற வடிவில், முன்னால் 32, பின்னால் 40 துளையோடு 28 அங்குலத்தில் வேண்டும். நான் விசாரித்த எந்தக் கடையிலும் இல்லை. டிரம் பிரேக் ஹப் பொருத்தலாம். ஆனால் சக்கரத்தைப் புதிதாகக் கோத்து, முன் ஃபோர்க்கில் அதன் கையைக் கட்ட இடமும் செய்து முடிப்பதற்குள் செலவு புதிய சைக்கிளை எட்டிப் பிடிக்கும். வண்டியும் அப்பாவின் வண்டியாக இருக்காது.

தம்பியின் வண்டிக்கு வேலை எளிதாக முடிந்தது. அதிலும் வந்தது இரும்பு ரிம்தான். அதைக் கழற்றிவிட்டு 36 துளை இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் போட்டுச் சக்கரங்களைக் கோத்தோம். ஃபோர்க்கிலும் பின்னாலும் பிரேக் உட்காரும் குமிழ்கள் இருந்ததால், ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் வி-பிரேக் நேராகப் பொருந்தியது. பலர் தவறவிடும் ஒரு விஷயம்: வி-பிரேக் போட்டால் அதற்குரிய கைப்பிடிகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய பிடி ஒயரை இழுக்கும் தூரம் போதாது. இந்த வண்டியில் அதே அரிசிப் பையோடு, அடுத்த ஞாயிறு, நனைந்த சாலையில் 14 வளைவுகளையும் இறங்கினேன். பிரேக்கை இடைவிடாமல் தேய்க்காமல், வளைவுக்கு முன் அழுத்தி, நேர்ச்சாலையில் விட்டுவிட வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கக்கூடும்.

கியர் வண்டியில் எல்லாம் நிறை என்று சொல்லவில்லை. பின் பகுதி ஹெர்குலிஸைவிடக் குட்டையாக இருப்பதால், பக்கவாட்டுப் பையில் குதிகால் இடிக்கிறது. பைகளை ஒரு சாண் பின்னால் தள்ளிக் கட்ட வேண்டியிருந்தது. உண்மையான பலவீனம் பின் அச்சு. பல வட்டங்கள் கொண்ட ஃப்ரீவீலை மரையில் முடுக்கும் பழைய பாணி ஹப்பில், வலது பக்கப் பால்ரஸ் உள்ளே தள்ளி இருக்கும். அதற்கு வெளியே நீளும் அச்சு சுமையில் வளையும், முறியும். திருவண்ணாமலை வரை ஒத்திகை போனபோது கண்ணமங்கலத்தைத் தாண்டியதும் பின்சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உரசத் தொடங்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் வண்டியை வேறொரு கடையில் காட்டி, “எல்லாம் பார்த்தாயிற்று” என்று சொன்னதை நம்பித் திரும்ப வாங்கி வந்திருந்தேன். அச்சு இரண்டு துண்டு. இரண்டு பக்க நட்டும் இறுக்கிப் பிடித்திருந்ததால் சக்கரம் கழன்று விழவில்லை, மெல்ல உருட்டிக்கொண்டு ஊருக்குள் திரும்ப முடிந்தது. அங்கே புளியமரத்தடியில் கடை போட்டிருந்த பெரியவர் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி ஓர் அச்சை எடுத்தார், அளவும் சரியாக இருந்தது. “அச்சு ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, எல்லா ஊரிலும் என் டப்பா இருக்காது” என்றார். இப்போது என் பையில் அச்சு ஒன்றும் கோன் ஒரு ஜோடியும் இருக்கின்றன.

வழியில் பழுது பார்ப்பதில் ஹெர்குலிஸை எந்த வண்டியும் நெருங்க முடியாது. அதன் டயர், ட்யூப், பெடல், பெடல் தண்டைப் பிடித்து நிறுத்தும் காட்டர் பின், செயின் எல்லாம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் சைக்கிள் கடை என்று ஒன்று இருந்தாலே கிடைக்கும். ஃப்ரேம் மூட்டு விட்டால் கேஸ் வெல்டிங் பட்டறையில் பித்தளையால் பற்றவைத்துவிடுவார்கள். 26 அங்குல வண்டி இரண்டாம் இடம். பையன்கள் ஓட்டும் வண்டிகள் அதே அளவில் இருப்பதால் டயரும் ட்யூபும் பிரேக் ஒயரும் ஏறக்குறைய எங்கும் உண்டு. கியர் மாற்றும் கருவி கெட்டால் செயினைச் சுருக்கி ஒரே கியரில் ஓட்டலாம். செயின் கழற்றும் கருவி கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கரடுமுரடான பொத்தான் டயர்களை மட்டும் மாற்றிவிடுங்கள். தார்ச்சாலையில் அவை இரைந்துகொண்டே உங்கள் பலத்தைத் தின்னும். 1.75 அங்குலத்தில் வழவழப்பான டயர் போட்ட அன்றே வண்டி வேறு வண்டியானது.

விளக்கு, பம்பு, பஞ்சர் சாமான் பற்றி எல்லோருக்கும் தெரியும். பைகளை, தபால்காரர் பை தைக்கும் பாணியில், அண்ணா சாலையில் ரெக்ஸின் தைப்பவரிடம் கொடுத்தேன். சுமையில் கனமானது கீழே, அச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்பது ஒன்றுதான் விதி.

சமவெளியில் போகிறவர்கள் வேறு முடிவு எடுக்கலாம், எடுக்க வேண்டும். வேலூரில் இருந்து திருவண்ணாமலை, திருச்சி, மதுரை, நெல்லை வழியாகக் கன்னியாகுமரிக்கு என்றால், 22 பல் ஃப்ரீவீலோடு ஹெர்குலிஸையே நான் எடுப்பேன். அதன் நீண்ட உடலும் சாய்ந்த ஃபோர்க்கும் பள்ளம் மேட்டை உங்களுக்குத் தெரியாமல் விழுங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாம். மழை நாளில் நிறுத்திக்கொண்டால் போயிற்று. மங்களூருக்கு அது இல்லை, தம்பியின் வண்டிதான். ஷிராடியில் தை மாதத்திலும் காலைப் பனி ரிம்மை நனைக்கலாம், பின்னால் லாரிகள் வரும். அந்த நான்காவது வளைவுக்குப் பிறகு எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

ஆனாலும் ஹெர்குலிஸில் இருந்து ஒன்று மங்களூருக்கு வருகிறது. தம்பியின் வண்டியில் இருந்த ஸ்பாஞ்சு சீட்டில் 40 கிலோமீட்டருக்கு மேல் உட்கார முடியவில்லை. அப்பாவின் சீட் தடித்த சுருள் ஸ்பிரிங்கும் தோலுமாகச் செய்தது. தோல் காய்ந்து, முன்முனை ஆணியில் கிழிந்திருந்தது. பேரணாம்பட்டில் தோல் வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்டதே, “குரோம் தோலா, பட்டைத் தோலா?” என்றுதான். செருப்புக்கும் பைக்கும் வரும் குரோம் தோல் மென்மையானது, இழுத்துக் கட்டினால் தொய்ந்துவிடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட எருமைத் தோல் விறைப்பாக நின்று, உட்காருபவரின் எலும்புக்கு ஏற்பக் குழிந்து, அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கிய தடிமனுக்கு மேல் இருந்த ஒரு துண்டை வெட்டி, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பழைய இரும்புச் சட்டத்தின்மேல் போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மூன்று நாள் நிழலில் காய்ந்த பிறகு செப்பு ஆணிகளை அடித்தார். இரண்டு வண்டியின் சீட் கம்பியும் மேல்முனையில் ஒரே தடிமன் என்பதால் கிளாம்ப் அப்படியே பொருந்தியது. இதுவரை 300 கிலோமீட்டர் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு பக்கமும் லேசாகக் குழி விழத் தொடங்கியிருக்கிறது.

திரும்பி வருவது ரயிலில். மங்களூரில் இருந்து சென்னைக்கு வரும் மெயில் காட்பாடியில் நிற்கும், சைக்கிளைப் பார்சலில் போட்டுவிடலாம். கிளம்புவதற்கு முன் பின்சக்கரத்தை மட்டும் பாய் இன்னொரு முறை கோட்டம் பார்க்க வேண்டும் என்கிறார். சீட் இல்லாமல் மாடிப்படிக்குக் கீழே நிற்கும் ஹெர்குலிஸின் குழாய்க்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்காமல் இருக்க, வாயில் எண்ணெய்த் துணியைத் திணித்து, மேலே பாலிதீன் பையைச் சுற்றிச் சணலால் கட்டி வைத்திருக்கிறேன்.